இரண்டு விரல் குறைச்சல்

தையல்காரருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. முப்பது வருஷத்தில் ஒரு சட்டைகூடப் பிரித்துத் தைக்கத் திரும்பி வந்ததில்லை என்பார். கேட்கிறவர் கொட்டாவி விட்டாலும் விடமாட்டார். அளவு நாடாவை அவர் அதிகம் மதிப்பதில்லை. "பழைய சட்டை ஒண்ணு குடுத்துட்டுப் போங்க, போதும்" என்பார். அந்தப் பழக்கம்தான் கடைசியில் காலை வாரியது.

ஏரிக்கு நடுவே ஒரு தீவில் வீடு. மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட, வாரம் மூன்று நாள் அக்கரை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அதற்கென்றே ஒரு பழைய அலுமினியப் படகு வாங்கியிருந்தார். செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது மோட்டார் தலையாட்டியது. பின்பக்கத் தகட்டின் உள்ளே, மோட்டாரைத் தாங்குகிற பலகையை ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது. அன்றைய முறை போச்சு. வியாழக்கிழமையும் தவறினால் உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மற்ற படகுகளெல்லாம் மீன் பிடிக்க ஏரியின் மறுகோடிக்குப் போயிருந்தன, வாரக் கடைசியில்தான் திரும்பும்.

அவரே போல்ட்டுகளைக் கழற்றி, மக்கிய பலகையைப் பெயர்த்தார். அதை அப்படியே புது பிளைவுட் மேல் வைத்து, துணிக்குக் குறி போடும் சாக்பீஸால் கோடு போட்டு அறுத்தார். இரண்டு துண்டுகளைப் பசை தடவி ஒட்டி, வார்னிஷ் அடித்துக் காயவைத்தார். புதன் சாயங்காலம் படகில் பொருத்தினால், அடியில் இரண்டு விரல் இடைவெளி! பழைய பலகையின் அடிப்பக்கம் எப்போதோ மக்கிக் கரைந்திருக்கிறது. கிழிந்த சட்டையைக் கொடுத்து அளவெடுத்த கதைதான். வீட்டிலிருந்த பிளைவுட்டும் தீர்ந்துவிட்டது.

"ஆச்சாங்க?" வாசலிலிருந்து மனைவி கேட்டாள். முகம் வீங்கியிருந்தது, கால் செருப்புக்குள் நுழையவில்லை.

"கச்சிதம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்ற, இடைவெளியில் ஓட்டை அடைக்கிற புட்டிப் பசையை அடைத்து மேலே பெயின்ட் பூசினார். கடவுளே வந்து பார்த்தாலும் தெரியாது. கீழ் வரிசை போல்ட் நாலும் வெறும் புட்டியைத்தான் பிடித்திருக்கின்றன என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

வியாழன் காலை எட்டு மணிக்கு அவள் படகில் ஏறி, வழக்கம்போல இரண்டு கையாலும் விளிம்பை இறுக்கிக்கொண்டாள்.

"மெதுவாப் போங்க."

ஒவ்வொரு தடவையும் சொல்வதுதான். அவர் மோட்டார் கயிற்றைப் பிடித்தார். நடு ஏரியில் அலை எழும்பியிருந்தது. இழுக்காமல் கயிற்றை விட்டுவிட்டார்.

"இறங்கும்மா."

"என்னது?"

"பலகை குறைச்சல். அடியில புட்டி அடைச்சு வச்சிருக்கேன். நேத்து உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"அடப்பாவி மனுஷா! ரெண்டு பேரும் மூழ்கினப்புறம் யாருகிட்டங்க கச்சிதம்னு சொல்றது?"

அவர் தலைகுனிந்து நின்றார். வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது. அவள் இறங்கி, நர்ஸுக்குப் போன் போட்டாள். பன்னிரண்டு மணிவரை இடம் வைத்திருப்பாராம், அதற்குமேல் முடியாதாம். ஏரியைக் கடக்கவே ஒரு மணி நேரம் வேண்டும்.

பலகைக்கு எங்கே போவது? அவர் வீட்டுக்குள் ஓடி, துணி வெட்டுகிற மேசை முன்னால் நின்றார். படகு கட்டுகிறவர் ஒருவர் படகுப் பலகையிலேயே செய்து கொடுத்தது, ஒன்றரை அங்குலக் கனம். மேலே கிடந்த துணிகளை வாரிக் கீழே போட்டார்.

"ஐயோ, அதுலதானேங்க நம்ம பொழப்பு?"

"பாதி மேசை போதும். இனிமே குட்டைச் சட்டையாத் தச்சுக்கறேன்."

இந்த முறை பழைய பலகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. பழுப்புத் தாளைப் படகுக்குள்ளேயே வைத்து வெட்டி, நாடாவால் மூன்று தடவை அளந்தார். நாடாவின் மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். அறுத்தார், துளையிட்டார், புட்டியைச் சுரண்டி எறிந்தார். ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் நீர் புகாத பசை வைத்து முறுக்கினார். வார்னிஷுக்கு நேரமில்லை, ஒரு நாள் நனைந்தால் மக்கிவிடாது. மணி பத்தே முக்கால்.

கயிற்றை இழுத்தார். மோட்டார் உறுமியது, பலகை அசையவில்லை. இருந்தும் நம்பிக்கை வராமல், கண்ணை அதிலேயே வைத்து ஊர்ந்துகொண்டிருந்தார். கரை பின்னால் போய் முதல் அலை மோதியது. பலகை தாங்கியது. மனைவி விளிம்பிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னங்க இது, நத்தை மாதிரி? வேகமாப் போங்க" என்றாள்.