மண்டபத்தில் சொன்ன சொல்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆல்வின் ட்ரூஸ்காட் கெட்டது யாராபின் என்ற ஊரின் மண்டபத்தில், எல்லாருக்கும் தேநீர் ஊற்றுவதற்குச் சற்று முன்னால். பழைய ரயில் பாதையில் தார் போட்டு சைக்கிள் விடலாமா என்று கூடிய கூட்டம் அது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் அந்த மலையடிவாரத்தில் ரயில் நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. தண்டவாளம் பெயர்த்த பிறகு அந்த நீளத் துண்டு நிலத்தை ஆல்வினைப் போன்ற பால்மாட்டுக்காரர்கள் அற்பக் குத்தகைக்கு எடுத்து மேய்ச்சலுக்கு விட்டிருந்தார்கள். பாதை வந்தால் அது போய்விடும். நகரத்து ஆட்கள் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போவார்கள், அவர்களுடைய நாய் கன்றைக் கடிக்கும் என்றெல்லாம் சொன்னார். நியாயமான பேச்சுதான். அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

"அந்தத் தார்ல என் சக்கரம் உருண்டுச்சுன்னா, அன்னிக்கே நான் செத்துட்டேன்னு வெச்சுக்கங்க" என்றார்.

பாதைக் குழுவின் தலைவி இல்டா ஸபெல்லா, புகையிலை பயிரிட்ட இத்தாலியக் குடும்பத்துப் பெண்மணி, மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "கவலைப்படாத ஆல்வின், பூவோட நான் வரேன்" என்றார். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு ஆல்வினின் காதில் இருபது வருடம் குடியிருந்தது.

பாதை வந்தது. கேட்டை யாரும் திறந்து போடவில்லை. கன்றும் பிழைத்தது. ஆல்வினின் மனைவி கிளெனிஸ் ஒரு நீல சைக்கிள் வாங்கி வியாழக்கிழமைதோறும் ஊருக்குப் போய்வர ஆரம்பித்தாள். ஒரு தடவை நீயும் வாயேன், யார் பார்க்கப் போகிறார்கள் என்று கூப்பிடுவாள். ஊரே பார்க்கும் என்பார் இவர். ஆனாலும் அவளைத் தனியாக விட மனசு வராது. வேலிக்கு இந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் பிக்கப் வண்டியை அவள் வேகத்துக்கே உருட்டிக்கொண்டு போவார். பின்னால் மரலாரிக்காரன் ஹாரனை அழுத்தித் திட்டிக்கொண்டே வருவான். வேலிக்கு அந்தப் பக்கம் கிளெனிஸ் கையை ஆட்டுவாள். இப்படியும் ஒரு புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஊருக்குப் போன கதை உண்டு.

கிளெனிஸ் இறந்தாள். மாடுகளை விற்றார். மகன் பெர்த்தில் சுரங்க வேலை, ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். அப்புறம் ஆல்வினின் கண் போனது. முழுக்கப் போகவில்லை, நடுவில் மட்டும். எதை நேராகப் பார்த்தாலும் அங்கே ஒரு கறை. ஓரம் மட்டும் தெளிவு. மனிதர்களுக்குக் காதும் தலைமுடியும் இருந்தன, முகம் இல்லை. டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார், ஓட்டுநர் உரிமம் போயிற்று.

அந்தப் பக்கமெல்லாம் வண்டி இல்லாதவன் கால் இல்லாதவன்தான். பஸ் கிடையாது. நெடுஞ்சாலையில் நடந்தால் மரலாரிக்கு இரை. பால் கறக்கும் கொட்டகைக்குப் பின்னாலேயே வழுவழுவென்று ஒரு பாதை நேராக ஊருக்குப் போகிறது, நடந்து தீராத தூரம், அதில்தான் இவர் சக்கரம் உருளக் கூடாதே. மளிகைப் பெட்டியைத் தபால் வண்டிக்காரன் கேட்டடியில் வைத்துவிட்டு இன்ஜினைக்கூட அணைக்காமல் போய்விடுவான். பீன்ஸ் டப்பா என்று நினைத்துத் திறந்தால் பீச் பழம் இருக்கும். அன்றைக்கு ராச்சாப்பாடு பீச் பழம். கோடை முழுக்க இப்படித்தான் போயிற்று.

ஒரு ஞாயிறு மகன், "என்னப்பா குரல் ஒரு மாதிரி இருக்கு, சளியா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டார். சளியெல்லாம் இல்லை. போன ஞாயிறு அவனோடு பேசியதற்குப் பிறகு அந்தத் தொண்டையைத் திறக்க அவசியமே வரவில்லை. போனை வைத்தார். இப்படியே போனால் பேசவே மறந்துவிடுவோம் என்று முதல் தடவையாகப் பயந்தார்.

மறுநாள் காலை நீல சைக்கிளைத் தூசி தட்டிக் காற்றடித்து, கொட்டகைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்ப் பாதையில் ஏறினார். ஓரத்து வெள்ளைக்கோடு கடைக்கண்ணில் தெளிவாகத் தெரிந்தது, அதைப் பிடித்துக்கொண்டே மிதித்தார். பாப்லர் மரங்கள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியிருந்தன. ஓடைப் பாலத்துப் பலகைகள் சக்கரத்துக்கடியில் தடதடத்தன. பின்னாலிருந்து மணியடித்து வணக்கம் சொல்லிக் கடந்து போனவர்களுக்கு முகம் தெரியாதபடி தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டார். ஊருக்குள் நுழைந்தால் வரப்போகிற கேலிகளுக்கு வழிநெடுகப் பதில் தயார் பண்ணினார். கண் சரியில்லை, தெரியாமல் பாதையில் ஏறிவிட்டேன் என்று சொல்வதாக உத்தேசம்.

யாராபின் ஸ்டேஷன் இப்போது காபிக்கடை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு வாசலில் நின்றார். யாராவது ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தார். உள்ளே நிறையக் குரல்கள், ஒன்றுகூடத் தெரிந்த குரல் இல்லை. மண்டபத்தில் சிரித்தவர்களில் பாதிப்பேர் கல்லறையில், மீதிப்பேர் பிள்ளைகளோடு கடலோரத்தில். வழியை விட்டு நிற்கிறீர்களா என்று ஒருவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு உள்ளே போனான். அவ்வளவுதான். இல்லாத ஆட்களுக்குப் பயந்தா இத்தனை வருடம் வைராக்கியம் காத்தோம் என்று ஆல்வினுக்குத் தோன்றியது. கேலி செய்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

திரும்பிவிடலாம் என்று சைக்கிளைப் பிடித்தார். நடைமேடைப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம்ப்பா ஆல்வின், உன்னைப் புதைச்சாச்சா? எனக்கு ஒருத்தரும் சொல்லலையே. பூகூட வாங்கல."

அவருக்கு அழுகை வந்தது. காற்று கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். இல்டாவின் முகம் தெரியவில்லை. ஓரத்தில் வெள்ளை முடியும் பக்கத்தில் ஒரு வாக்கரும் தெரிந்தன. இடுப்பு எலும்பு முறிந்த பிறகு சைக்கிள் இல்லை என்றும், வேடிக்கை பார்க்க தினமும் இங்கே வந்து உட்காருவதாகவும் இல்டா சொன்னார். கோடை முழுக்க உட்கார்ந்திருந்தாராம். வீட்டை விற்றாகிவிட்டது, வெள்ளிக்கிழமை, வடக்கே வெகுதூரத்து டவுன்ஸ்வில்லில் மகளோடு போய்ச் சேர வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி செத்திருக்கலாம் நீ" என்றார் இல்டா.

அந்த வாரம் தினமும் ஆல்வின் வந்து, கல்லாவில் டீ வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். தினமும் இல்டா மூக்கறுத்தார். ஒருநாள், கேட்டை ஒழுங்காகச் சாத்திவிட்டு வந்தாயா என்று கேட்டார். ஒருநாள், கிளெனிஸ் எப்போதும் நீ வண்டி உருட்டின பக்கத்து வேலியை ஒட்டியே மிதிப்பாள் என்று சொன்னார்.  வெள்ளிக்கிழமை மகள் வந்து இல்டாவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமையும் ஆல்வின் வந்தார். பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார், முடியவில்லை. உள்ளே போனார். கூட்டம் இல்லை.

"நான் யாருன்னு தெரியுமாம்மா?" என்று கல்லாவில் நின்ற பெண்ணைக் கேட்டார்.

"தெரியுமே. டீ, பால் நிறைய" என்றாள்.

"இந்தத் தார்ல என் சக்கரம் உருளாதுன்னு ஊர் மண்டபத்துல சத்தியம் பண்ணினவன்."

"அப்படியா? யார்கிட்ட?"

ஆல்வின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தேநீருக்கு முந்தைய அந்தப் பேச்சிலிருந்து ஆரம்பித்தார். தன் வார்த்தையை அன்று கத்திய மாதிரியே சொன்னார். பூவோடு வருகிறேன் என்ற இல்டாவின் பதிலையும், சொல்ல வேறு ஆள் இல்லாததால், அவரே சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தினார். அந்தப் பெண்ணின் முகம் இருந்த இடத்தில் கறைதான் தெரிந்தது. அவள் சிரிக்கிறாளா என்று காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.