மைசூர்த் தோட்டத்தில் சேர்ந்து நடந்தது

எங்கள் ராஜ்யத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாற்றியிருந்த புதிது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கிணற்று மோட்டாருக்கு ஒரு சாமான் வாங்க வீட்டுக்காரர் ஹனூரிலிருந்து மைசூருக்குக் கிளம்பினார். நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்துத் தொற்றிக்கொண்டேன். ஊர் பார்க்கும் ஆசை இருந்தது. அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது. இன்றைக்கு எப்படியாவது அவர் பக்கத்தில் சேர்ந்து நடந்துவிட வேண்டும்.

இதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அப்போது எங்கள் ஊரில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி பத்தடி தள்ளிப் பின்னால் போவாள். வயலுக்கும் அப்படித்தான், கோயிலுக்கும் அப்படித்தான். பேசினாலும் எங்கள் வீட்டுக்காரர் முன்னால் பார்த்தபடியே பேசுவார், நான் பின்னாலிருந்து 'ம்' கொட்ட வேண்டும். அவருடைய முதுகு தெரிந்த அளவுக்கு எனக்கு அவர் முகம் தெரியாது.

சாமான் மதியத்துக்கு மேல்தான் வரும் என்று கடைக்காரர் சொன்னதும் எனக்குள் ஒரே கொண்டாட்டம். "ஏனுங்க, பெரிய பூந்தோட்டம் இருக்குதாமா. நடந்தே போயிப் பாத்துட்டு வரலாங்களா?" என்றேன். பொழுது போக வேண்டுமே என்று அவரும் தலையாட்டினார்.

தோட்டத்து வாசலைத் தாண்டியதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனை மரம், எத்தனை நிறம்! மரத்துக்கு மரம் தகரத்தில் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். பாதையோ, இரண்டு மாட்டு வண்டி ஒதுங்காமல் போகும் அகலம். அதில் இரண்டு மனுஷர் சேர்ந்து நடக்க என்ன கேடு? நான் எட்டி நடை போட்டேன். என் செருப்புச் சத்தம் நெருங்கியதும், எனக்கு ஏதோ அவசரம் என்று நினைத்து அவர் இன்னும் வேகமாக நடந்தார். நான் ஓட, அவர் விரைய, பாதித் தோட்டத்தை நான் மூச்சு வாங்கிக்கொண்டே பார்த்தேன்.

ஓரிடத்தில் மட்டும் அவராக நின்றார். காட்டிலும் மேட்டிலும் நாங்கள் வெட்டி வெட்டிக் கை ஓய்ந்த உண்ணிச்செடியை அங்கே அழகாகக் கத்தரித்து, சுற்றிலும் வேலி வேறு போட்டிருந்தார்கள். "இதுக்குப் போயி காவலா? நம்மூருக்கு வந்தா வண்டி வண்டியா அள்ளிட்டுப் போலாமே!" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார். இதுதான் சமயம் என்று பக்கத்தில் போவதற்குள் மனுஷன் கிளம்பிவிட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயே ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். தூரத்தில் ஒரு மரத்தைக் கைகாட்டி ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினார். பின்னால் என் இடத்தில் குடையோடு வந்த கன்னடத்துப் பெரியவர் ஒருவர் பயந்துபோய் ஒதுங்கினார்.

"அம்மிணீ!" என்று கத்தியபடி வீட்டுக்காரர் ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"எங்க தொலைஞ்சு போயிட்டேயோன்னு பதறிட்டேன். எந்திரி, போலாம்."

"பக்கத்துல நடக்கறதா இருந்தா எந்திரிக்கறனுங்க. இல்லாட்டி நீங்க போங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஆராச்சும் பாத்தா?"

"இங்க நம்மள ஆருக்குத் தெரியுமுங்க?"

தலையைச் சொறிந்தார். பிறகு, "செரி, வா" என்றார்.

அப்பா! நடந்தேன். அவர் தோளும் என் தோளும் ஒரே வரிசையில். பூ ஒன்றும் கண்ணில் படவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

வளைவில் திரும்பினால் எதிரே அவருடைய தாய்மாமன்! ஹனூரில் அவர் கனைத்தாலே பஞ்சாயத்து அடங்கும். அவரும் அத்தையும் ஒரே பொட்டலத்தில் கடலை கொறித்தபடி தோள் உரசிக்கொண்டு வந்தார்கள். எங்களைக் கண்டதும் மாமா கடலையைச் சட்டைப் பைக்குள் திணித்தார், ஒரே பாய்ச்சலில் அத்தையை விட்டு முன்னால் வந்தார்.

என் வீட்டுக்காரர் நகரவில்லை. என் பக்கத்திலேயே நின்றார். "வாங்க மாமா" என்றார். மாமா எங்கேயோ பார்த்து, "ம், ம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போனார்.

பின்னால் வந்த அத்தை என் கன்னத்தைத் தொட்டாள். "வருசத்துக்கு ஒருக்கா நாங்க மைசூருக்கு வாரதே இதுக்குத்தான் கண்ணு. ஊருக்குப் போனா மறுபடி பின்னாலதான். நீயாவது விட்டுராத" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ஹனூரில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். டீக்கடையில் ஊரே உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரர் சாமானைத் தோளில் வைத்துக்கொண்டு, பழக்கத்தில் முன்னால் போய்விட்டார். எல்லாம் தோட்டத்தோடு தீர்ந்தது என்று எனக்கு அழுகை முட்டியது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

கொஞ்ச தூரம் போனவர் நின்றார். திரும்பினார். அத்தனை பேரும் பார்க்க, தோள் சுமையோடு எனக்காகக் காத்து நின்றார்.

நான் ஓடவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக நடந்துபோய் அவர் பக்கத்தில் சேர்ந்தேன்.