ஆறு வருடம் ஒழுகிய குழாய்

மலேசியாவின் லூனாஸில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் கழிவுநீரைச் சோதிப்பவர் ஜெனவீவ். பின்பக்கக் குழாய் ஒழுகி ஓடையில் கலக்கிறது என்று ஆறு வருடமாக எழுதிக் கொடுத்தார். மேலாளர் சசிதரனோ வருடந்தோறும் ‘தொடர் மேம்பாடு’ என்று புதிய பேனர் மாட்டியதோடு சரி.

இந்த வருடம் சுற்றுச்சூழல் சான்றிதழுக்கு ஆடிட்டர் வருவதற்கு முதல் நாள், ஒழுகிய கறை தெரியாதபடி பின்பக்கச் சுவருக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார்கள்.

“ஆடிட்டர் கேட்டா எல்லாம் ஓகேன்னு சொல்லுங்க லா, அக்கா,” என்றார் சசிதரன்.

ஆடிட்டர் கேட்டார். ஜெனவீவ் அவரை ஓடைக்கே கூட்டிப்போய்ச் செத்து மிதந்த மீன்களைக் காட்டினார். சான்றிதழ் நிறுத்தப்பட்டது. மறுவாரமே குழாயை மாற்றினார்கள். அரைநாள் வேலைதான்.

புதுக் குழாயைப் படம் பிடித்து, தன்னுடைய யோசனை என்று தலைமையகத்துக்கு அனுப்பினார் சசிதரன்.

“வெட்கங்கெட்ட ஜென்மம்,” என்று அவர் காதுபடவே சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார் ஜெனவீவ்.