உலைக்கு வைத்த பொட்டு

பன்னிரண்டாவது தடவையும் இடுப்பு வரவில்லை. திரையில் அந்த வளையம் கொழுகொழுவென்று வந்து நின்றதைப் பார்த்ததும், "நாசமாப் போக!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். எங்கள் ஆய்வகத்தில் என்னைத் தவிரத் தமிழ் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் அப்போது சாப்பிடப் போயிருந்தார், நல்லவேளை.

இடுப்பு என்பது நானாக வைத்துக்கொண்ட பேர். பேரியம் டைட்டனேட் என்ற வெள்ளைப் பொடியை அரைத்து, வில்லையாக அழுத்தி, உலையில் சுட்டெடுப்பது என் வேலை. இந்த வகைப் பொருளை ஃபெரோஎலக்ட்ரிக் என்பார்கள். காந்தத்துக்கு வடக்கு தெற்கு இருப்பதுபோல இதற்குள் பிளஸ், மைனஸ் என்று ஒரு திசை உண்டு. மின்சாரம் கொடுத்தால் அந்தத் திசை திரும்பும். மின்சாரத்தை எடுத்த பிறகும் திரும்பின பக்கமே கிடக்கும். இந்தத் திரும்பலை வரைந்து பார்த்தால் தடித்த வளையம் வரும்.

ஆனால் படிகத்துக்குள் அங்கங்கே அணு இல்லாத காலி இடங்கள் இருந்தால் கதையே வேறு. அந்தக் குறைகள் நாள்பட மெல்ல நகர்ந்து, பொருள் முதலில் எந்தத் திசையில் இருந்ததோ அதையே பிடித்துக்கொள்ளும். மின்சாரத்தை எடுத்ததும் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். அப்போது வளையம் நடுவில் ஒடுங்கும். அதுதான் இடுப்பு.

அக்டோபரில் நான் சுட்ட ஒரே ஒரு தொகுதிக்கு மட்டும் அப்படி ஓர் இடுப்பு வந்தது. வேற்றுத் தனிமம் கலந்தால் இடுப்பு வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த பழைய சங்கதி. என்னுடையதோ எதுவுமே கலக்காத சுத்தமான பொடி. பேராசிரியை திரையைப் பார்த்து வாயைப் பிளந்தார். இன்னொரு தடவை செய்துகாட்டு, கட்டுரை எழுதுவோம், உன் ஒப்பந்தத்தை நீட்டிக்கிறேன் என்றார். அந்த இன்னொரு தடவையில்தான் சனி பிடித்தது.

ஏப்ரலோடு ஒப்பந்தம் முடிகிறது. ஒப்பந்தம் போனால், இந்த நாட்டில் இருக்க அனுமதி தரும் என் வேலை பாஸும் போகும். என் பாஸில் தொங்கிக்கொண்டுதான் கணவரும் மகளும் இங்கே இருக்கிறார்கள். அவர் திருச்சியில் கல்லூரி வேலையை விட்டுவிட்டு என் பின்னால் வந்தவர். கிளமெண்டி வீட்டில் சமைத்து, மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்து, ஒரு நாளும் முகம் சுளிக்காதவர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருப்பேன்.

"உன் வேலை பொண்ணு பாக்கற மாதிரில்ல இருக்கு," என்று ஒருநாள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கிண்டல் செய்தார். "எங்க குறை, எங்க குறைன்னே தேடற."

"குறை இல்லாமப் போனதுதாங்க இப்ப என் குறையே!" என்று எரிந்து விழுந்தேன். மகள் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவர் அடுத்த கரண்டி மாவை ஊற்றினார்.

கடைசியில் அந்த அக்டோபர் வில்லையையே பகுப்பாய்வுக்குக் கொடுத்தேன். முடிவை ஆய்வகப் பொறுப்பாளர் கொண்டுவந்தார். தமிழ் தெரிந்த ஒருவர் என்றேனே, அவர்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஆங் மோ கியோக்காரர், என் வயதுதான் இருக்கும்.

"என்ன டாக்டர், உள்ள சமையல் பண்ணீங்களா? உங்க சாம்பிள் ரொம்ப டர்ட்டி லா. பொட்டாசியம் இருக்கு, கால்சியம் இருக்கு, பாஸ்பரஸ் வேற. சாம்பல் விழுந்த மாதிரி."

சாம்பல் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு அந்த அக்டோபர் நாள் ஞாபகம் வந்தது.

ஆயுத பூஜை அன்று காலை கணவர் ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார். லிட்டில் இந்தியா கோயிலில் வாங்கிய திருநீறு. "சிரிக்காத. உன் உலைக்கும் கொஞ்சம் வச்சுடு. வேலை நிலைக்கட்டும்," என்றார். சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் ஆய்வகத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, உலைக் கதவுக்கு மூன்று கோடு இழுத்து, நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன். கை ரேகை பட்டுவிடக் கூடாது என்று கவனமாகக் கையுறை போட்டுக்கொண்டே வைத்தேன். எப்பேர்ப்பட்ட சுத்தக்காரி! அதே கையுறையோடு போய்த்தான் கல்வத்தில் பொடியை அரைத்தேன்.

பேரியம் உட்கார வேண்டிய இடத்தில் பொட்டாசியம் ஏறி உட்கார்ந்துகொண்டது. மின்கணக்கைச் சரிக்கட்ட அங்கங்கே ஆக்சிஜன் வெளியேறியது. அந்தக் காலி இடங்கள்தான் என் இடுப்பைப் பிடித்துக் கொடுத்திருக்கின்றன. சுத்தப் பொடியின் அதிசயம் என்று நாங்கள் பாதி எழுதிவைத்திருந்த கட்டுரையில் அதிசயம் ஒன்றுமில்லை, அது திருநீறு.

அது உறுதியாகத் தெரிய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு வேண்டியது ஓர் இடுப்பு, எப்படியாவது. மறுநாள் ரயில் ஏறி அதே கோயிலுக்குப் போனேன். ஐயர் என் கையில் ஒரு சிட்டிகை போட்டார்.

"கொஞ்சம் கூடக் குடுங்க, சாமி."

"வீட்ல யாருக்காவது முடியலையாம்மா?"

"ஆமாம்," என்றேன். அவர் ஒரு காகிதத்தில் தாராளமாக மடித்துக் கொடுத்து, "எல்லாம் சரியாயிடும், போங்கோ," என்றார். சிராங்கூன் சாலையில் பூக்கடைகளைத் தாண்டி நடக்கும்போது அந்தப் பொட்டலம் கைப்பையில் கனத்தது. சாமி சந்நிதியில் பொய் சொல்லிப் பிரசாதம் வாங்கி, அதை வைத்துத் திருட்டு வேலை செய்யப் போகிறேன். தூ, நானும் ஒரு ஆய்வாளர்.

எடை போடாமல், கண்ணளவில் ஒரு சிட்டிகை கலந்து அரைத்தேன். சுட்டேன். குறைகள் நகர்ந்து உட்கார, அடுப்பின் இளஞ்சூட்டில் ஐந்து நாள் வைத்தேன். ஆறாம் நாள் காலை அளந்தேன். வந்தது. அக்டோபரில் வந்ததைவிட ஒடுங்கலாக, வரைந்துவைத்த மாதிரி வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பேராசிரியை எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியாது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார். என் தோளைத் தட்டி, "செய்துவிட்டாய்! ஒப்பந்த நீட்டிப்புப் படிவத்தை இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்," என்றார். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். மகளின் பள்ளிக்கூடம், வீடு, கணவர் விட்டுவந்த வேலைக்கு ஒரு நியாயம், எல்லாம் அந்த ஒரு தலையாட்டலில் இருந்தது.

நான் உத்தமி ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எந்த ஊரிலோ என்னைப்போல் ஒருத்தி சுத்தமான பொடியை அரைப்பாள். பன்னிரண்டு தடவை அரைப்பாள். இடுப்பு வராமல், தன் கையில்தான் கோளாறு என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொள்வாள். அவளுக்கும் ஓர் ஏப்ரல் இருக்கும். அதை நினைத்ததும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

பேராசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்து, முகர்ந்து பார்த்து, மறுபடி மடித்து என்னிடமே கொடுத்தார். சொன்னதற்கு நன்றி என்றார். இதை வைத்து எழுத முடியாது, ஒப்பந்தத்தை நீட்டிக்கக் காரணம் காட்டத் தன்னிடம் வேறு எதுவும் இல்லை என்றும் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

வீட்டுக் கதவைக் கணவர்தான் திறந்தார். குளித்து, நெற்றி நிறையப் பூசியிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. காலணியைக் கழற்றும்வரை காத்திருந்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நான் குடுத்த திருநீறு... அதுவும் வேலை செய்யலையா?"

"செஞ்சுதுங்க," என்றேன். "அது ஒண்ணுதான் வேலை செஞ்சுது."