வலம் சுற்றிய பந்தயம்

இங்கிலாந்தில் நான் நர்ஸாக இருக்கும் ஊரில், போன சனிக்கிழமை மத்தியானம் மண் தடத்தில் பைக் பந்தயம் பார்க்கப் போயிருந்தேன். எரிந்த ஆமணக்கெண்ணெயின் வாசம் மூக்கில் ஏறி, தொண்ணூறுகளில் பாறசாலைக்குப் பக்கத்தில் அறுப்பு முடிந்து கிடந்த வயலோரம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. பெட்ரோலில் அதே எண்ணெயைக் கலந்துதான் மாமா அங்கே பந்தயத்தில் பைக்கை முறுக்குவார். புழுதி எங்கள் பல்லிலெல்லாம் நறநறக்கும். வளைவில் அவர் ஒரு காலை மண்ணில் இழுத்தபடி சரிந்து போகையில் தொண்டை கட்டும்வரை கத்துவேன். ஒரு வருஷம் அந்த வளைவிலேயே அவர் கால் ஒடிந்தது. அதற்குப் பிறகு நான் எந்தப் பந்தயத்துக்கும் போயிருக்கவில்லை.

இங்கே ஏதோ மாறியிருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது பந்தயத்தில்தான் பிடிபட்டது. இவர்கள் இடமாகச் சுற்றுகிறார்கள். எங்கள் ஊரில் கோயிலைச் சுற்றுவதுபோல் வலமாகத்தான் சுற்றுவார்கள். இந்த பைக்குகளுக்கு பிரேக்கே கிடையாது என்றார் பக்கத்தில் இருந்தவர்.

உடனே மாமாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

“நமக்கு பிரேக்கு உண்டும் மக்கா,” என்று சிரித்தார். “ஆனா அது வலதுகாலுக்க கீழயாக்கும். வலமா சுத்துனா அந்தக் கால் மண்ணுலல்லா கிடக்கும்!”

“அப்பம் அன்னைக்கு இடமா சுத்தியிருந்தா பிரேக்கு பிடிச்சிருக்கலாம், இல்லியா மாமா?”

எனக்கு முன்னால் நான்கு பைக்குகள் அலறிக்கொண்டு வளைவில் திரும்பின.

“அது கிடக்கட்டு,” என்றார். “இப்பம் முன்னால போறது ஆரு?”