மாசிக் கடலுக்கு ஒரு பாய்

தீவின் துறைமுகப் பகுதியான ஹேடோவில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு முன்னால் இருந்த புல்தரையில் ஒருநாள் காலை வெள்ளைக்காரர் ஒருவர் ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். அடித்த ஆப்புகளைச் சுற்றிக் கயிறு கட்டினார். மூன்று மூலையும் மூன்று விதமாக இருந்த அந்தக் கயிற்று வடிவத்துக்குள் எங்கள் வீடே அடங்கிவிடும் போலிருந்தது. அதுதான் அத்தை தைக்கப்போகும் பாய் என்று அப்பா சொன்னார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு எட்டு வயது. அந்த வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் சின்னப் பாய்மரப் படகில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். இன்ஜின் கெட்டுப்போய் எங்கள் துறைமுகத்தில் ஒதுங்கியிருந்தார்கள். மாசி மாதம், கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. அவர்களிடம் இருந்த கனத்த பாய்கள் அந்தக் காற்றுக்கு வெறுமனே தொங்குமாம். மெல்லிய துணியில் பெரிதாக ஒரு பாய் இருந்தால் மூச்சுக்காற்றிலும் போய்விடலாமாம். சீக்கிரம் கிளம்பச் சொல்லித் துறைமுக அதிகாரி நெருக்கினார். அவரிடம் குமாஸ்தாவாக இருந்த அப்பா, தன் தங்கை தைத்துக் கொடுப்பாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அத்தை அடுத்த கப்பலில் மெயின்லேண்டுக்குப் போகவேண்டியவள். திருச்சியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் படத்தை அப்பா எல்லோருக்கும் காட்டினார், அந்த வெள்ளைக்காரம்மாவுக்கும்கூட. படத்தில் அவர் அப்பாவைவிடப் பெரியவராக இருந்தார். இரண்டாம் தாரம் என்று பேசிக்கொண்டார்கள். வகுப்பில் இரண்டாவதாக வருவது மாதிரி அதுவும் ஏதோ ஒரு பெருமை என்று நான் எண்ணிக்கொண்டேன்.

படகில் கழித்துப்போட்டிருந்த பழைய பாய்கள் இறங்கின. வெயிலும் உப்பும் தின்று, வேட்டி போல மெலிந்துபோன பருத்தித் துணி. கிழிந்ததை ஒதுக்கி, நல்ல பட்டைகளை மட்டும் பிளேடால் பிரித்தெடுத்தார்கள். அவற்றைக் கயிற்று வடிவத்தின்மேல் பரப்பி, ஒன்றின் ஓரம் இன்னொன்றின்மேல் ஏறும்படி வைத்து அத்தை தைத்தாள். மெஷினைத் தூக்கிவந்து புல்லிலேயே போட்டிருந்தோம். மறுபக்கம் வந்து விழும் துணியை இழுத்துப் பிடிப்பது என் வேலை. பெரும்பாலும் நான் அதற்கடியில் படுத்துக் கிடந்தேன். துணிக்குள் வெயில் பால் நிறத்தில் இறங்கும். அத்தை மிதிக்க மிதிக்க, மேலே அலை ஓடும். உப்பு வாசனையில் கண் செருகும். எங்கோ போய்க்கொண்டே இருக்கிறேன் என்று தோன்றும். விழித்துப் பார்த்தால் அத்தையின் பாதம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

அப்படிக் கிடந்தபோதுதான் பார்த்தேன். காலையில் தைத்ததை அத்தை மத்தியானம் பிரித்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, கோணிவிட்டது என்றாள். மறுநாளும் கோணியது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறவளுக்கு நேர்கோடு வரவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருநாள் வெள்ளைக்காரம்மா வந்து நின்றாள். பிரிக்காமல் மிச்சமிருந்த தையலை விரலால் தடவிப் பார்த்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து, மறுமுனையிலிருந்து அவளும் பிரிக்கத் தொடங்கினாள். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. நூல் வீணானால் சத்தம் போடுகிற அம்மாகூட அபர்டீன் பஜாரிலிருந்து புது நூல்கண்டு வாங்கிவந்து வைத்தாள்.

மெட்ராஸ் கப்பல் வந்து துறையில் நின்றது. பாயில் பாதிகூட முடியவில்லை. அப்பா ஓடிவந்து, போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் புறப்படச் சொன்னார்.

அத்தை தலை நிமிரவில்லை. "நீங்கதானே அண்ணா, துறைமுக சாப்கிட்ட ஹான், தச்சுத் தரோம்னு சொல்லிட்டு வந்தீங்க? பாதியில விட்டுட்டு நான் கப்பல் ஏறினா, நாளைக்கு ஆபீஸ்ல யாரு பதில் சொல்றது?"

அப்பா என் பக்கம் திரும்பி, இத்தனை நாள் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டார். மெஷின் நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்தாள்.

"அத்தைக்கு நேரா தைக்கவே வரலப்பா," என்றேன். "தைக்கிறா, கோணிடுது, பிரிக்கிறா. பாவம்."

அப்பா தங்கையை இரக்கத்தோடு பார்த்தார். தெரியாத வேலையைத் தானே இழுத்துவந்து அவள் தலையில் கட்டிவிட்டதாக நினைத்திருக்கவேண்டும். "க்யா கரேகா, என்ன பண்றது" என்று முனகிக்கொண்டு ஆபீஸுக்குத் திரும்பிப்போனார்.

கப்பல் ஊதிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு ஒரு தையலும் கோணவில்லை. மூலைகளுக்கு இரட்டைத் துணி வைத்து, பித்தளை வளையம் பொருத்தி, ஓரத்துக்குக் கயிறு கோத்து, பாய் மளமளவென்று முடிந்துவிட்டது.

படகு புறப்படுவதைப் பார்க்க நானும் அத்தையும் மரைன் ஹில் மேட்டுக்கு ஏறினோம். காற்று என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. என் ரிப்பன்கூட அசையவில்லை. ஆனாலும் கீழே அந்த வெள்ளைப் பாய் மெல்ல, மிக மெல்ல உப்பியது. படகு நகர்வதே தெரியவில்லை. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் கொஞ்சம் சிறுத்திருந்தது.

திருச்சி முகூர்த்தம் முந்தின நாளே கடந்துபோயிருந்தது. படகு மறையும்வரை அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கவலப்படாத அத்த. அடுத்த கப்பல் வரும். மாப்பிள்ளை உனக்காகக் காத்துக்கிட்டே இருப்பாரு."

அத்தை என்னையே பார்த்தாள். அவள் தோள்கள் குலுங்கின. அப்படியே புல்லில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்; கண்களிலிருந்து நீர் வழிந்தது. அது சிரிப்பு என்று தெரியாமல், அடங்கும்வரை அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே நின்றேன்.