நூற்றுப் பதினாறு என்று சொன்னேன்

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்தான் ரஃபீக்கின் வலது கையை முறித்தது. சாலை அல்ல, வண்டி அல்ல, அவனுடைய அவசரமும் அல்ல... நான்!

இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு ரஃபீக்கைத் தெரியாது. நீ போய் அவனிடம் சொல்லமாட்டாய். பார், ஒப்புக்கொள்ளும்போதுகூட எவ்வளவு பத்திரமான ஆளைத் தேடிப் பிடிக்கிறேன்!

ரஃபீக்கும் நானும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை செய்கிறோம். நான் தரம் பார்க்கும் பிரிவு. அவன் கட்டிங். தோலை மேசையில் விரித்து, தழும்பு, ஓட்டை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் கத்தியால் வெட்டுவான். அவன் வெட்டிய துண்டை நான் திருப்பி அனுப்பியதே கிடையாது.

போன வருஷம் ஒரு வண்டி வாங்கினான். தார்ச்சாலையிலும் ஓடும், காட்டு மண்ணிலும் ஓடும் என்று சொல்லி விற்கிறார்களே, அந்த உயரமான, ஒல்லியான வண்டி. இருநூறு சிசி. ஆலங்காயம் மலைப்பக்கம் போவோம். கல்லும் மண்ணுமான பாதையில் அது ஆட்டுக்குட்டி மாதிரி ஏறும். ஆனால் ரஃபீக்குக்கு ஒரே ஒரு ஏக்கம். முழுசாக முறுக்கினால் எவ்வளவு போகும்?

"மீட்டரு ஜாஸ்தி காட்டும்டா. போன்ல ஜிபிஎஸ் போட்டுப் பாத்தாத்தான் நெசம் தெரியும்" என்பான்.

பாலாற்றை ஒட்டி, தோல் பதனிடும் டேனரிகளின் பின்புறமாக ஒரு நேர்ச்சாலை, நடுவில் ஒரு மதகு. வெள்ளிக்கிழமை டேனரிகளுக்கு விடுமுறை, லாரி வராது. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவன் தொழுகைக்குக் கிளம்புவதற்கு முன்பாகப் போனோம். என்ன முட்டாள்தனம்! விடுமுறைக்கு முந்தின மாலைதான் தோலிலிருந்து சீவிய ஜவ்வையும் கொழுப்பையும் டிராக்டரில் அள்ளிக்கொண்டு போவார்கள். அது வழியெல்லாம் சொட்டும். இந்த ஊரில் பிறந்த எங்களுக்கு இது தெரியாதா? தெரியும். லாரி இல்லை என்ற சந்தோஷத்தில் இரண்டு பேருமே மறந்துபோனோம்.

"மொதல்ல நீ போ மச்சான். தோஸ்த்துக்கு அப்புறம்தான் ஓனரு" என்றான் ரஃபீக்.

நான் போனேன். காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. ஹேண்டில்பார் நடுங்கியது. மதகைத் தாண்டியதும்... பின்சக்கரம் சட்டென்று பக்கவாட்டில் வழுக்கிற்று. உயிரே போய்விட்டது எனக்கு! ஆக்சிலேட்டரை விட்டுவிட்டேன். எப்படியோ விழாமல் நின்றேன். போனைப் பார்த்தேன். தொண்ணூற்றேழு.

யாரும் பார்க்கவில்லை. ரஃபீக் வெகுதூரத்தில் நின்றிருந்தான்.

திரும்பி வந்ததும் ஓடிவந்தான். "இன்னாடா, எவ்ளோ போச்சு?"

மதகுப் பக்கம் வழுக்குகிறது, வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பயந்து விட்டுவிட்டேன் என்பதும் தெரிந்துபோகும். தெரிந்தால் என்ன? சிரித்திருப்பான். டீக்கடையில் ஒரு வாரம் என்னை ஓட்டியிருப்பான். அவ்வளவுதானே... அந்தச் சிரிப்பைத் தாங்க மனமில்லாமல் என்ன காரியம் செய்தேன்!

"நூத்திப் பதினாறு" என்றேன்.

"வாரே வா!" என்று முதுகில் ஓங்கித் தட்டினான். போனைக் காட்டு என்று கேட்கவே இல்லை. கேட்டிருக்கக் கூடாதா?

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டான். "ரோடு எப்டிடா கீது?"

"கிளீனா இருக்கு. பயப்படாம முறுக்கு."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். என் வாயால். அந்தச் சின்ன எஞ்சினுக்கு நூற்றுப் பதினாறு எட்டுமா என்பதுகூட எனக்குத் தெரியாது. நான் எட்டாத ஒன்றைப் பிடிக்க அவன் முறுக்கிய முறுக்கை விடாமல் போனான். மதகைத் தாண்டியும் விடவில்லை.

வண்டி தாரில் உராய்ந்துகொண்டே போன சத்தம்... அதை எப்படிச் சொல்வேன்? ஷூ கம்பெனியில் மெஷின்கள் ஓய்ந்து நிற்கும் சாப்பாட்டு நேரத்திலும் அது எனக்குக் கேட்கிறது.

ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. வேலூர் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிற்று, விரல்கள் மடங்கவில்லை. கத்தி பிடிக்க முடியாது என்று ஆனதும், அவனைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பெட்டிகளில் இடது கையால் லேபிள் ஒட்டுகிறான். கோணலாக ஒட்டிய பெட்டிகள் என் மேசைக்குத்தான் வருகின்றன. நான் ஒன்றையும் திருப்பி அனுப்புவதில்லை. அதற்குப் பெயர் பரிகாரமா? சீ!

அவன் மனைவி நசீமா ஒருநாள் சொன்னாள்: "அதே ரோடு, அதே வண்டி. உங்களுக்கு ஒண்ணும் ஆவலியேண்ணா. இவருக்குத்தான் நெதானம் பத்தல." ரஃபீக் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினான். அன்றாவது வாய் திறந்திருக்க வேண்டாமா? தேநீரைக் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

போன வாரம் வண்டியைத் தள்ளிக்கொண்டே என் வீட்டுக்கு வந்தான் ரஃபீக். சரிபார்த்துப் புதிதுபோல் துடைத்திருந்தான்.

"நீயே வச்சிக்கோடா. வீட்ல நிக்கிறதப் பாத்தா பேஜாரா கீது. ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டட்டும்."

வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. சாவியை என் சட்டைப்பையில் போட்டான். பிறகு கொஞ்சம் தயங்கி, வெட்கப்பட்டவன்போல் கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுடா. அந்த எடத்துல, அவ்ளோ ஸ்பீடுல... ஹேண்டில எப்டிப் புடிச்ச?"

இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது! ஆனாலும் வண்டிமேல் குனிந்து, இரண்டு கைகளாலும் இறுக்கமாகப் பிடித்துக் காட்டினேன்.

அவன் கூர்ந்து பார்த்தான். நான் விலகியதும் தன் வலது கையைக் கொண்டுபோய் அங்கே வைத்தான். விரல்கள் விறைத்து நீட்டியபடியே நின்றன. இடது கையால் அவற்றை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான்.

"இப்டியாடா?" என்றான்.

"ஆமாடா, அப்டித்தான்" என்றேன்.